குருதி சொல்லும் சான்று

நுழையும்முன்

மூலிகையை முழுவதும் நம்புவோர் உளர். முழுவதும் மறுப்போரும் உளர். இவ்விரு சாராரிடமும் 'அளந்து பார்த்தீர்களா?' என்று கேட்பது அறிவியல். இரைப்பையில் புண்கொண்ட சிறு விலங்கொன்றுக்கு மூலிகைச் சாறு புகட்டினால், புண்ணில் மட்டுமன்றி அதன் குருதியிலும் மாற்றங்கள் நிகழ்கின்றன. அம்மாற்றங்களைப் படிக்கக் கற்றவர் நம்பிக்கைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவார். அவ்வேறுபாட்டை இப்பாடம் விளக்குகிறது.

அடுக்களையும் ஐயமும்

வயிற்றில் எரிச்சல் என்று சொன்னவுடன் மணத்தக்காளிக் கீரையை ஆய்ந்து கூட்டு வைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி இடித்துக் கொதிக்கவைத்துக் குடிநீராக்கிப் பருகுவோரும் உளர். சோற்றுக்கற்றாழையின் உள்ளீட்டைப் பலமுறை கழுவி மோரில் கலந்து உண்பது கோடைக்கால வழக்கம். வயிற்றில் எரிச்சலும் வலியும் தரும் நோய்களைச் சித்த மருத்துவம் 'குன்மம்' என்னும் பெயரால் தொகுத்து, எட்டு வகைகளாகப் பிரித்தது. நோயைக் கூர்ந்து நோக்கிப் பெயரிட்ட மரபு நம்முடையது.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. மூலிகை உண்டபின் எரிச்சல் தணிகிறது. எரிச்சல் தணிந்தமையால் புண் ஆறிவிட்டது என்று கொள்ளலாமா? வலியின்றியே குருதி கசியும் புண்கள் உண்டு. துளித்துளியாகக் கசியும் அக்குருதி குடல்வழியே சென்று மலத்தைக் கரியதாக்கும். நோயாளி அதனைப் பொருட்படுத்துவதில்லை. சில திங்களில் அவர் முகம் வெளிறும். படியேறினால் மூச்சு வாங்கும். "வயிற்றுவலி போய்விட்டது, உடம்புதான் அசதியாக இருக்கிறது" என்பார். நா ஒன்று சொல்ல, குருதி வேறொன்று சொல்லும் நிலை இது. இங்கே குருதி சொல்வதையே மருத்துவர் நம்புவார்.

புண் தோன்றும் விதம்

இரைப்பை தன்னுள் வலிமைமிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பெப்சின் என்னும் நொதியையும் சுரக்கிறது. இறைச்சியையே செரிக்கவல்ல அந்நீர், இரைப்பையை ஏன் செரிப்பதில்லை? இரைப்பையின் உட்சுவரைக் கோழைப்படலம் போர்த்தியுள்ளது. அப்படலத்திற்குள் ஊறும் பைகார்பனேட், அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. சுவருக்குத் தடையின்றிக் குருதி பாய்வதால் சிதைந்த செல்களின் இடத்தில் புதியன தோன்றுகின்றன. இக்காவல்களை ஊக்குவிக்கும் வேதிப்பொருள்கள் புராஸ்டாகிளாண்டின்கள் எனப்படுகின்றன.

தாக்கும் ஆற்றல் ஓங்கினாலும் காக்கும் ஆற்றல் குன்றினாலும் புண் தோன்றும். கவலையும் காரமுமே புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதியது. 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவரும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். பலரும் நம்ப மறுத்ததால் மார்ஷல் 1984இல் அப்பாக்டீரியா வளர்ந்த நீர்மத்தைத் தாமே பருகி, இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். இருவரும் 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

மற்றொரு பெருங்காரணம் ஆஸ்பிரின், இண்டோமெத்தசின் போன்ற வலிநீக்கி மருந்துகள். இவை வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்களோடு இரைப்பையைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின்களையும் சேர்த்தே தடுக்கின்றன. ஆஸ்பிரினின் மூலம் வில்லோ மரப்பட்டை போன்ற தாவரப் பொருள்களிலிருந்து அறியப்பட்டது என்பது எண்ணத்தக்கது. தாவரம் தந்த மருந்தே புண்ணையும் தரலாம்; மற்றொரு தாவரம் அப்புண்ணை ஆற்றவும் கூடும்.

குருதி என்னும் நாட்குறிப்பு

புண் இருப்பது இரைப்பையில். அங்ஙனமிருக்கக் குருதியை ஏன் ஆராய வேண்டும்? உடலின் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டு மீள்வது குருதி. எங்கு என்ன நேர்ந்தாலும் அதன் சுவடு அதில் பதிகிறது.

புண் கசிந்தால் சிவப்பணுக்களும் ஹீமோகுளோபினும் குறையும். கசிவு நாள்பட்டால் உடலின் இரும்புச்சத்து வற்றும். புதிதாகப் பிறக்கும் சிவப்பணுக்கள் சிறுத்தும் வெளிறியும் இருக்கும். அழற்சி மிகுந்தால் வெள்ளையணுக்கள் பெருகும். அவற்றுள்ளும் நியூட்ரோஃபில்கள் ஓங்கும். குருதி உறைதலுக்கு உதவும் இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையும் மாறக்கூடும். இழப்பை ஈடுசெய்ய எலும்பு மஞ்சை விரைந்து உழைக்கும்போது, முதிராத இளஞ்சிவப்பணுக்கள் குருதியில் மிகும். ஆகவே, ஒரு துளி குருதியில் இழப்பும் தெரிகிறது. இழப்பை ஈடுசெய்யும் முயற்சியும் தெரிகிறது.

தெரிந்து தெளிவோம்

மனிதரின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழும். எலியின் சிவப்பணுவோ ஏறத்தாழ 60 நாள்களே வாழும். மனிதரிடம் நெடுநாள் காத்திருந்து காணவேண்டிய மாற்றங்கள் சிலவற்றை எலியிடம் விரைவில் காண முடிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆய்வகத்தில் மூலிகை

மூலிகையை முதலில் தாவரவியல் வல்லுநர் அடையாளம் காண்பார். ஒரே பெயரால் இரு வேறு செடிகள் வழங்கப்படுவதும், ஒரே செடி ஊருக்கொரு பெயர் பெறுவதும் உண்டு. பெயரை மட்டும் நம்பினால் ஆய்வு தொடக்கத்திலேயே பிழைபடும். பின்னர் இலை, வேர்ப்பட்டை முதலியவற்றை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து வடிகட்டுவர். வடிந்ததை ஆவியாக்கினால் எஞ்சுவதே சாறு. நீரில் கரையும் பொருள் வேறு. எத்தனாலில் கரையும் பொருள் வேறு. எனவே, ஒரே இலையின் இரு சாறுகள் இருவேறு மருந்துகள் போலச் செயற்படலாம்.

ஆய்வுக்குரிய எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பர். ஒரு குழுவுக்குப் புண்ணும் இல்லை, மருந்தும் இல்லை. இரண்டாவது குழுவுக்கு இண்டோமெத்தசினோ எத்தனாலோ தந்து புண்ணை உண்டாக்குவர், மருந்து தருவதில்லை. மூன்றாவது குழுவுக்குப் புண்ணோடு, ஒமிப்ரசோல் போன்ற அறியப்பட்ட மருந்தைத் தருவர். நான்காவது, ஐந்தாவது குழுக்களுக்குப் புண்ணோடு மூலிகைச் சாற்றைக் குறைந்த அளவிலும் மிகுந்த அளவிலும் தருவர். குறித்த நாளில் குருதியை எடுத்து அணுக்களை எண்ணுவர். இரைப்பையைத் திறந்து புண்களை அளப்பர்.

இத்தனைக் குழுக்கள் எதற்கு? மருந்தே இல்லாமலும் சில புண்கள் தாமாக ஆறும். சாறு உண்ட எலியை மட்டும் பார்த்தால், இயற்கையாக ஆறியதையும் சாற்றின் வெற்றி என்று எழுதிவிடுவோம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லையேல் எந்த முடிவும் நிலைபெறாது.

எண்ணைப் படிக்கும் கலை

எண்கள் கையில் கிடைத்தபின்னரே கடினமான பணி தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். நலமுள்ள எலிகளின் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 14 கிராம். புண்கொண்ட எலிகளில் 10 கிராம். புண்ணோடு சாறும் பெற்ற எலிகளில் 13 கிராம். இதைக் கண்டவுடன் 'இம்மூலிகை குருதியை ஊறச்செய்கிறது' என்று எழுதக் கை துடிக்கும். சற்றே பொறுத்திருந்து எண்ணினால் வேறு மூன்று விளக்கங்கள் தோன்றும்.

முதலாவது, சாறு புண்ணை விரைந்து ஆற்றியிருக்கலாம். புண் ஆறியதால் கசிவு நின்றது. கசிவு நின்றதால் ஹீமோகுளோபின் குறையவில்லை. இங்கே சாறு குருதியை ஆக்கவில்லை, இழப்பைத் தடுத்தது. ஆக்குவதும் காப்பதும் வேறு வேறு.

இரண்டாவது, புண்ணை உண்டாக்கத் தந்த பொருளைச் சாறு தடுத்திருக்கலாம். புண் தோன்றுமுன்பே சாறு தந்திருந்தால், நிகழ்ந்தது புண் வராமல் காத்தலேயன்றிப் புண்ணை ஆற்றுதலன்று. ஏற்கெனவே புண்ணோடு வரும் நோயாளிக்கு அம்முடிவு அப்படியே பொருந்தாது.

மூன்றாவது விளக்கம் வியப்பூட்டுவது. சாறு வயிற்றுப்போக்கை உண்டாக்கியிருந்தால் உடலில் நீர் வற்றும். நீர் வற்றினால் குருதி செறிவடையும். ஹீமோகுளோபின் உண்மையில் மிகாமலேயே மிகுந்ததுபோல் தோன்றும். குழம்பு சுண்டினால் உப்பு கூடியதாகத் தோன்றுவது போன்றது இது. உடல் எடையையும் பிளாஸ்மாவின் புரத அளவையும் உடன் நோக்காதவர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

இவற்றைப் பிரித்தறிய ஆறாவது குழு ஒன்று வேண்டும். புண் இல்லாத, சாறு மட்டும் பெறும் குழு அது. அக்குழுவிலும் ஹீமோகுளோபின் உயர்ந்து, எலும்பு மஞ்சையும் விரைந்து உழைத்தால், சாறு குருதியாக்கத்தைத் தூண்டுகிறது என்று கருத இடமுண்டு. மாற்றமே இல்லையெனில், அதன் பயன் புண்வழிப் பெறப்பட்டது எனலாம். குறைந்தால், சாறு குருதிக்குத் தீங்கு செய்கிறது என்பது பொருள். இவ்வாறு தீங்கு செய்வதும் கற்பனையன்று. பல தாவரங்களில் உள்ள சப்போனின்கள் நீரில் நுரைக்கும் பொருள்கள். அவை குருதியோடு நேரே கலந்தால் சிவப்பணுக்களின் உறையைச் சிதைத்துவிடும்.

அதிமதுரம் கற்பித்த பாடம்

புண்ணை ஆற்றிய மூலிகையொன்று குருதியை மாற்றிய வரலாறு நெதர்லாந்தில் நிகழ்ந்தது. அந்நாட்டு மருத்துவர் ரெவெர்ஸ், மருந்துக்கடைக்காரர் ஒருவர் செய்துதந்த அதிமதுரச் சாற்றால் வயிற்றுப்புண் நோயாளிகள் நலம்பெறுவதைக் கவனித்தார். அதனைத் தம் நோயாளிகளுக்கும் தந்து பார்த்து, 1946இல் தம் முடிவை வெளியிட்டார். புண்கள் ஆறின. ஆனால் ஐந்தில் ஒருவர் என்னும் அளவுக்கு நோயாளிகளின் முகமும் கைகால்களும் வீங்கின.

வெற்றியில் மயங்கி அவ்வீக்கத்தை அவர் மறைக்கவில்லை. அவர் எழுதிவைத்தமையால் பிறர் அதனை ஆராய்ந்தனர். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்னும் இனிப்புப் பொருள், குடலில் கிளைசிரெட்டினிக் அமிலமாக மாறுகிறது. சிறுநீரகத்தில் கார்டிசால் என்னும் இயக்குநீரைச் செயலிழக்கச் செய்யும் நொதியொன்றை அது தடுக்கிறது. அதனால் உடலில் சோடியமும் நீரும் தேங்குகின்றன; பொட்டாசியம் சிறுநீரோடு வெளியேறுகிறது. குருதியழுத்தம் உயர்கிறது. குருதியில் பொட்டாசியம் குறைந்தால் தசைகள் தளரும். இதயத் துடிப்பின் ஒழுங்கும் குலையும்.

அதே அமிலத்திலிருந்து கார்பெனாக்சலோன் என்னும் மருந்து உருவாக்கப்பட்டு, 1960களில் பிரிட்டனில் வயிற்றுப்புண்ணுக்கு வழங்கப்பட்டது. புண்ணை ஆற்றும் பண்பும், பொட்டாசியத்தைக் குறைக்கும் குறையும் அதற்கும் இருந்தன. 1976இல் அமிலச் சுரப்பைத் தடுக்கும் சிமெட்டிடின் வந்தபின் அதன் பயன்பாடு குன்றியது. கிளைசிரைசினை நீக்கிய அதிமதுரப் பொருள்களும் பின்னர்த் தோன்றின.

புண்ணை மட்டும் அளந்திருந்தால் அதிமதுரம் முழு வெற்றி. குருதியையும் அளந்ததால்தான் அதன் மறுபக்கம் தெரிந்தது. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இம்முடிவு புதிதன்று. எந்த அளவு மிஞ்சிய அளவு என்பதைக் குருதி நமக்கு எண்ணாகக் காட்டுகிறது.

கால்நடைகள் சிந்திய குருதி

தாவரம் குருதியை மாற்றும் என்பதற்குக் கால்நடைகளும் சான்று தந்துள்ளன. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் குருதி உறையாமல் இறந்தன. கொம்பை நீக்குதல் போன்ற சிறு காயத்திற்கே உயிர்போகுமளவு குருதி பெருகியது. ஸ்வீட் குளோவர் என்னும் தீவனப்பயிர் ஈரத்தில் பூஞ்சை பிடித்ததே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் உணர்ந்தனர். நல்ல தீவனம் தீங்கு செய்யவில்லை. பூஞ்சை பிடித்த தீவனமே கொன்றது.

1933ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் உழவர் ஒருவர் இறந்த கன்றையும், பால்குவளை நிறைய உறையாத குருதியையும் ஏற்றிக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாரின் ஆய்வகத்தை அடைந்தார். லிங்கின் குழுவினர் சில ஆண்டுகள் உழைத்து, அத்தீவனத்திலிருந்து டைகுமரால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். செடியிலுள்ள கூமரின், பூஞ்சையால் டைகுமராலாக மாறியிருந்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் முதலில் எலிக்கொல்லியாகவும் பின்னர்க் குருதிக்கட்டைத் தடுக்கும் மருந்தாகவும் பயன்பட்டது.

மூலிகையைச் சேமிக்கும் முறை எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. செடி ஒன்றாயினும், அது உலர்ந்த விதமும் பூஞ்சையும் அதன் குணத்தையே மாற்றிவிடும்.

எலியும் மனிதரும்

எலியில் கண்டதை உடனே மனிதருக்கு உரைத்தல் தகாது. எலிக்கு வாந்தியெடுக்க இயலாது, பித்தப்பை இல்லை, அதன் இரைப்பையின் முற்பகுதியில் சுரப்பிகள் இல்லை. மனிதரின் புண்ணுக்குப் பெருங்காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி, இண்டோமெத்தசினால் எலிக்கு உண்டாக்கும் புண்ணில் இடம்பெறுவதில்லை. ஒரே நாளில் உண்டாக்கிய புண், ஆண்டுக்கணக்கில் ஆறாப்புண்ணாக நிற்கும் மனிதப் புண்ணுக்கு நிகராகாது.

அப்படியாயின் விலங்காய்வு வீணா? அன்று. எதைத் தொடர்ந்து ஆராயலாம், எது தீங்கானது, எந்த அளவில் தொடங்கலாம் என்பவற்றை அது காட்டுகிறது. 1960களின் தொடக்கத்தில் சன்யால் முதலானோர், வாழைக்காய்ப் பொடி ஆய்வு விலங்குகளை வயிற்றுப்புண்ணிலிருந்து காப்பதை வெளியிட்டனர். பின்னாளில் பிறர் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, வாழைக்காயில் உள்ள லியூகோசயனிடின் என்னும் பொருளை இனங்கண்டனர். நம் அடுக்களையில் அன்றாடம் புழங்கும் காய் ஒன்று ஆய்வகத்திற்குள் சென்ற வரலாறு அது.

வாயில்லா உயிர்க்கு நாம் பட்ட கடன்

இவ்வறிவுக்கு ஒரு விலையுண்டு. அவ்விலையைத் தருவது, நோயும் மருந்தும் எவையென அறியாத ஒரு சிற்றுயிர். அதனை மறந்து எண்களை மட்டும் பேசுவது அறமாகாது.

1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் மூன்று நெறிகளை முன்வைத்தனர். விலங்கின்றியே அறியக்கூடியதை விலங்கின்றி அறிக. இயன்றவரை குறைந்த விலங்குகளைப் பயன்படுத்துக. துன்பத்தை இயன்றவரை தணிக்க என்பன அவை. இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதற்கு வழிகோலியவர், மாநிலங்களவையில் 1953ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிநபர் மசோதா கொணர்ந்த ருக்மிணிதேவி அருண்டேல். சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய அவர், ஆடற்கலைக்கு ஆற்றிய தொண்டு போலவே வாயில்லா உயிர்களுக்கு ஆற்றிய தொண்டும் போற்றத்தக்கது. இன்று நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி இத்தகைய ஆய்வுகளைத் தொடங்க இயலாது.

அறமும் உண்மையும் இவ்விடத்தில் ஒன்றுபடுவதைக் காணலாம். 200 கிராம் எடையுள்ள எலியின் உடலில் உள்ள குருதி ஏறத்தாழ 13 மில்லிலிட்டர். ஒருமுறை அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தல் ஆகாது என்பது பொதுவான வரம்பு. மீறி எடுத்தால் அவ்விலங்கு துன்புறும். அம்மட்டோ? எடுத்த குருதியாலேயே சோகை தோன்றி, புண்ணால் விளைந்ததா ஊசியால் விளைந்ததா என்று அறியமுடியாமற்போகும். அஞ்சி நடுங்கும் எலியின் வெள்ளையணுக் கணக்கும் பிழையாகும். இரக்கமற்ற ஆய்வு தவறான ஆய்வாகவும் முடிகிறது.

நம் கைக்கு வரும்போது

'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். 'மூலிகைதானே, அதில் என்ன இருக்கிறது?' என்னும் ஏளனத்தையும் கேட்கிறோம். இரண்டும் அளந்து பாராதவர் கூற்றுகள். எந்தச் செடி, எந்தப் பகுதி, எவ்வாறு எடுத்த சாறு, எவ்வளவு, எத்தனை நாள், எதனோடு ஒப்பிட்டு, புண் என்னாயிற்று, குருதி என்னாயிற்று என்று கேட்கப் பழகுதல் வேண்டும்.

நம் இல்லத்தில் முதியவர் ஒருவர் மூலிகை உண்டு வலி தணிந்தது என்று சொல்லக்கூடும். அவர் நம்பிக்கையைப் பழித்தல் வேண்டா. அவர் முகம் வெளிறியிருக்கிறதா, மலம் கருத்திருக்கிறதா, மூட்டுவலிக்கு வேறு மாத்திரை உண்கிறாரா என்று அன்போடு கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் சென்று குருதியைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். உண்ணும் மூலிகையையும் மருத்துவரிடம் மறையாது கூறல் வேண்டும். அவ்வாறு செய்யும் மாணவர், பெயரறியா ஆய்வு விலங்குகள் தந்த அறிவை வீணாக்காதவர் ஆவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் வயிற்று நோய்களுக்குப் பயன்படுத்தும் மூலிகைகள், அவற்றின் பயன்படும் பகுதி, வழக்கில் உள்ள பெயர்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. 'விலங்காய்வு தேவையா?' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

இலக்கணக் குறிப்பு

குடிநீர் – வினைத்தொகை
ஆறாப்புண் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
துளித்துளியாக – அடுக்குத்தொடர்
எரிச்சலும் வலியும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

உணர்ந்தனர் – உணர் + த்(ந்) + த் + அன் + அர்
உணர் – பகுதி. த் – சந்தி, 'ந்' ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

பலவுள் தெரிக

1. அதிமதுரச் சாற்றை மிகுதியாக உண்பதால் குருதியில் குறைவது
அ) சோடியம் ஆ) பொட்டாசியம் இ) புரதம் ஈ) கார்டிசால்

2. மாடுகளின் குருதி உறையாமைக்குக் காரணமான பொருள்
அ) சப்போனின் ஆ) கிளைசிரைசின் இ) டைகுமரால் ஈ) பெப்சின்

குறுவினா

1. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பவை யாவை?
2. வலி தணிந்தமையால் புண் ஆறிற்று எனக் கொள்ளலாகாது, ஏன்?

சிறுவினா

1. ஹீமோகுளோபின் மிகுந்ததுபோல் தோன்றுவதற்கு உடலில் நீர் வற்றுதல் எவ்வாறு காரணமாகிறது?
2. 'இரக்கமற்ற ஆய்வு தவறான ஆய்வாகவும் முடிகிறது' – விளக்குக.

நெடுவினா

புண் இல்லாத, சாறு மட்டும் பெறும் குழுவை ஆய்வில் சேர்ப்பதன் தேவையை, அதிமதுர வரலாற்றோடு பொருத்திக் கட்டுரைக்க.